புதிய வீவக வீட்டுக்கு எந்தக் கேபிள், எந்தப் பெட்டி?

கேள்வியைச் சுருக்கமாக மீண்டும் எழுதிக்கொண்டு தொடங்குகிறேன். சிங்கப்பூரின் தெங்காவில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை பிடிஓ வீடு, அதாவது பதிந்த பிறகே கட்டித் தரப்படும் புது வீடு. அடுத்த மாதம் சாவி கைக்கு வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறீர்கள். கணவர் காணொளித் தொகுப்பு செய்பவர், கோப்புகளை வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். மகன் இணைய விளையாட்டுப் பிரியன். மாமியாரின் அறையில் தமிழ் நிகழ்ச்சிகள் பார்க்க ஒரு தொலைக்காட்சி வேண்டும். நொடிக்கு 10 கிகாபிட் இணையத் திட்டத்துக்குப் பதிந்துவிட்டீர்கள். புதுப்பிப்பு ஒப்பந்ததாரர் எல்லா அறைக்கும் புதிதாகக் கேட் 8 வகை இணையக் கேபிள் இழுக்கவும், வீடெங்கும் வைஃபை பரப்ப மூன்று பெட்டிகள் சேர்ந்து வேலை செய்யும் மெஷ் தொகுப்பு ஒன்று வாங்கவும் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,500 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும், எது தேவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட் 8 தேவையில்லை. மூன்று பெட்டி மெஷ்ஷும் தேவையில்லை. ஆனால் சுவருக்குள் போகப்போகும் கேபிளின் தரத்திலும் எண்ணிக்கையிலும் சிக்கனம் பிடிக்க வேண்டாம். வெளியே மேசையில் உட்காரும் ரவுட்டரை ஐந்தாறு ஆண்டுகளில் எப்படியும் மாற்றுவீர்கள். சுவருக்குள் போன கேபிளோ, அடுத்த முறை தரையையும் அலமாரியையும் பெயர்க்கும் வரை, அதாவது பதினைந்து இருபது ஆண்டுகள், அங்கேயே இருக்கும். ஆகவே பணத்தை முதலில் அங்கே வையுங்கள். மிஞ்சுவதில் பெட்டிகளை வாங்குங்கள். என்னிடம் யோசனை கேட்கும் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேபிளின் வகைகளைப் பார்ப்போம். கேட் 5இ என்பது 100 மெகாஹெர்ட்ஸ் வரை சோதிக்கப்பட்டது. 100 மீட்டர் தொலைவுக்கு 1 கிகாபிட் வேகத்தைத் தடையின்றித் தரும். 2016இல் வந்த 802.3பிஇசட் தரநிலைக்குப் பிறகு அதே கேபிளில் 2.5 கிகாபிட்டும் ஓடுகிறது. கேட் 6 என்பது 250 மெகாஹெர்ட்ஸ். 10 கிகாபிட்டை ஏறத்தாழ 55 மீட்டர் வரை கொண்டுசெல்லும், பல கேபிள்கள் நெருக்கமாகக் கட்டப்பட்ட இடத்தில் 37 மீட்டர் என்று கணக்கிடுவார்கள். கேட் 6ஏ என்பது 500 மெகாஹெர்ட்ஸ், 10 கிகாபிட், 100 மீட்டர். உங்கள் வீடு சுமார் 90 சதுர மீட்டர்தான். நுழைவாயிலிலிருந்து கடைசி அறையின் கடைசி மூலைக்குச் சுவரோரமாகவும் கூரையோரமாகவும் சுற்றிச் சென்றாலும் கேபிள் 30 மீட்டரைத் தொடுவது அரிது. கேட் 6 உங்கள் வீட்டில் 10 கிகாபிட்டுக்குப் போதும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இந்தத் தொலைவுதான் காரணம். கேட் 6ஏ தவறில்லை; ஆனால் அது தடிமனானது, எளிதில் வளையாது, சிறிய குழாய்க்குள் இரண்டு கேபிள் போக வேண்டிய இடத்தில் ஒன்றுதான் போகும். எனக்கு ஒரு கேட் 6ஏ கேபிளைவிட இரண்டு கேட் 6 கேபிள்கள் பயனுள்ளவை.

கேட் 7, கேட் 8 என்ற பெயர்கள் வீடுகளுக்குள் புகுந்த விதம் எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் எண் பெரிதானால் வேகமும் பெரிது என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் நம்மைப் போன்ற குடும்பத்தினர்தான். கேட் 7 அனைத்துலகத் தரநிலையில் இருக்கிறது. அமெரிக்கத் தொலைத்தொடர்புத் தரநிலை அதை ஏற்கவே இல்லை. அதற்கென்று வகுக்கப்பட்ட இணைப்புமுனைகளும் வேறு. நம் வீட்டுச் சுவரில் இருக்கும் வழக்கமான ஆர்ஜே45 சாக்கெட்டில் அதை முடித்துவிட்டால், கேட் 7க்கென வகுத்த திறன் அங்கே கிடைக்காது. கேட் 8 உண்மையான தரநிலை. 2,000 மெகாஹெர்ட்ஸ், 25 அல்லது 40 கிகாபிட், ஆனால் 30 மீட்டருக்கு மட்டும். தரவு மையங்களில் அடுத்தடுத்த அடுக்குகளிலுள்ள கருவிகளை இணைப்பதற்காக அதை உருவாக்கினார்கள். இந்த இரு வகைகளிலும் உலோகக் கவசம் உண்டு. அந்தக் கவசத்தை முறையாக எர்த்தில் சேர்த்தால்தான் அது பயன் தரும். எர்த் இல்லாமல் தொங்கவிட்டால் கொடுத்த பணத்துக்குப் பயன் எதுவும் இல்லை, சில நேரம் இரைச்சலும் கூடும். வீட்டு வேலைக்கு வரும் ஒப்பந்ததாரரிடம் "கவசத்தை எங்கே எர்த் செய்வீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் கவசமில்லாத கேட் 6 போதும் என்று சொல்லிவிடுங்கள்.

வகையைவிடப் பெரிய கேள்வி, கம்பி எதனால் ஆனது என்பது. சந்தையில் செம்பு பூசிய அலுமினியக் கம்பி கொண்ட கேபிள் ஏராளமாக விற்கிறது. வெளிப் பார்வைக்கு வேறுபாடு தெரியாது, மேலுறையில் கேட் 6 என்றே அச்சிட்டிருக்கும். அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பின் திறனில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். மின்தடை கூடுகிறது; கேபிள் வழியாகவே மின்சாரம் பெறும் கருவிகளை இணைத்தால் கம்பி சூடாகிறது; இரண்டு மூன்று முறை வளைத்தால் முனை முறிகிறது. கேட் தரநிலைகள் எதுவும் இதை ஏற்பதில்லை. கண்டுபிடிக்கும் வழி எளிது: ஒரு துண்டை வெட்டி, கம்பியின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். 305 மீட்டர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். செம்பின் அடர்த்தி அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்பதால் தூய செம்பு கனக்கும். சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் படுக்கையறையில் ஒருவர் இழுத்துக் கொடுத்த கேபிள் முதல் ஆண்டு முழுவதும் ஒழுங்காக வேலை செய்தது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை 1 கிகாபிட்டிலிருந்து 100 மெகாபிட்டுக்கு இறங்கத் தொடங்கியது. சாக்கெட்டைக் கழற்றினேன், எட்டுக் கம்பிகளில் ஒன்று முறிந்து வெள்ளையாக நின்றது. அலமாரி அடித்து முடிந்த அறை என்பதால் அதை மாற்றப் பட்ட பாடு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒப்பந்தத் தாளில் "தூய செம்பு, திடக் கம்பி, கேட் 6, 23 கேஜ்" என்று எழுதி வாங்குங்கள் (கேஜ் என்பது கம்பியின் தடிமன் அளவு). சுவருக்குள் திடக் கம்பி. சாக்கெட்டிலிருந்து கருவிக்குப் போகும் சிறு கேபிள் மட்டும் பல இழை கொண்டதாக இருக்கலாம். கம்பளத்துக்கு அடியில் நுழைக்க விற்கும் தட்டைக் கேபிள்களின் கம்பி மிக மெல்லியது, நிரந்தர வேலைக்கு அவற்றைத் தொடாதீர்கள்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன், உங்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போது ஒப்படைக்கப்படும் வீவக வீடுகளில் வரவேற்பறையிலும் படுக்கையறைகளிலும் தரவுச் சாக்கெட்டுகள் பொருத்தியே தருகிறார்கள். அவற்றின் மறுமுனைகள் ஃபைபர் பெட்டிக்கு அருகில் ஓரிடத்தில் ஒன்றுகூடும். ஒப்பந்ததாரர் எல்லா அறைக்கும் புதிதாக இழுக்கச் சொல்லும்போது, இருப்பதை ஏன் விட வேண்டும் என்று கேளுங்கள். சாவி வாங்கிய முதல் வாரத்திலேயே, சுவரில் ஆணி அடிப்பதற்கு முன், ஒவ்வொரு சாக்கெட்டையும் சோதியுங்கள். ஓராண்டுக் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்துக்குள் பழுது தெரிந்தால் பேட்டையிலுள்ள கட்டட சேவை நிலையத்தில் முறையிடலாம். ஆனால் உங்கள் ஒப்பந்ததாரர் அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் யார் கெடுத்தது என்ற வழக்கு தொடங்கிவிடும்.

சோதனை என்று சொல்லும்போது எட்டு விளக்கு எரியும் சிறு கருவியை மட்டும் நம்ப வேண்டாம். கம்பிகள் வரிசையாக இணைந்திருக்கின்றனவா என்பதைத்தான் அது காட்டும். ஒரே முறுக்கில் வரவேண்டிய இரண்டு கம்பிகளை வெவ்வேறு முறுக்கிலிருந்து எடுத்து இணைத்திருந்தாலும் எட்டு விளக்கும் எரியும். வேகம் மட்டும் வராது. வீட்டுக்குப் போதுமான சோதனை இது: இரண்டு மடிக்கணினிகளை இரு முனையிலும் இணைத்து, ஐபெர்ஃப்3 என்ற இலவச நிரலைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். 1 கிகாபிட் துறை (கேபிளைச் செருகும் இடம்) கொண்ட கணினிகளில் 940 மெகாபிட் அளவில் நிலையாக நிற்க வேண்டும். மீதி 60 எங்கே என்று தேட வேண்டாம். தரவுப் பொட்டலங்களின் தலைப்புகளுக்கு அது செலவாகிறது. எண் 94இல் நின்றால் கேபிளின் நான்கு கம்பி இணைகளில் ஏதோ ஒன்று சரியாக இணையவில்லை.

புதிதாக இழுக்க வேண்டியவை எனக்குத் தெரிந்தவரை மூன்று. கணவர் வேலை செய்யும் மேசைக்கு இரண்டு கேபிள். வரவேற்பறையின் கூரையிலோ நடைவழியின் உயரத்திலோ வைஃபை பெட்டிக்கு ஒன்று. தொலைக்காட்சிச் சுவருக்கு ஏற்கெனவே ஒன்றே ஒன்று இருந்தால் இன்னொன்று. ஒவ்வொரு வழியிலும் கேபிளை நேரடியாகப் பூச்சுக்குள் புதைக்காமல் பிவிசி குழாய்க்குள் விட்டு, கூடவே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைக்கச் சொல்லுங்கள். பத்தாண்டு கழித்து கேபிளுக்குப் பதிலாக ஃபைபர் வேண்டும் என்றால் அந்தக் கயிறு உங்களுக்குச் சில நூறு வெள்ளி மிச்சப்படுத்தும். தூண், உத்தரம், கான்கிரீட் சுமைச்சுவர் ஆகியவற்றை வெட்டக் கூடாது. பாம் ஷெல்டரின் சுவர் வழியாகக் கேபிளுக்குத் துளை போடும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். அது தாக்குதல் நேரத்தில் ஒதுங்குவதற்கென வீட்டுக்குள்ளேயே கட்டப்பட்ட, குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்தின் கீழ் வரும் அறை. பொய்க்கூரை போடுகிறீர்கள் என்றால் அதன் மேலே செல்வதே நல்ல வழி. இல்லையென்றால் கூரையோரமாக டிரங்கிங், அதாவது சுவரின் மேல் ஒட்டும் மூடுகுழாய். மின்கம்பியோடு ஒரே குழாயில் தரவுக் கேபிள் போகக் கூடாது. பாதுகாப்பே முதற்காரணம், இரைச்சல் பிறகுதான்.

வேலை நடக்கும்போது அருகில் இருக்க முடிந்தால் மூன்றைக் கவனியுங்கள். சாக்கெட்டில் முடிக்கும் இடத்தில் முறுக்கு 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரியக் கூடாது. வளைவு, கேபிளின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறையக் கூடாது. இழுக்கும்போது ஒருவர் பலம்கொண்ட மட்டும் இழுக்கக் கூடாது. தரநிலை அனுமதிக்கும் இழுவிசை 110 நியூட்டன், அதாவது 11 கிலோ எடையைத் தூக்கும் அளவு. இந்த மூன்றில் தவறினால், கேட் 8 வாங்கினாலும் கேட் 5இ அளவுக்குக்கூட வேலை செய்யாது.

அடுத்து, ரவுட்டரை எங்கே வைப்பது. என் தங்கையின் வீட்டில் இணையச் சேவையைப் பொருத்த வந்தவர் ரவுட்டரைப் பாம் ஷெல்டருக்குள் அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போனார். தடித்த கான்கிரீட், அதற்குள் இரும்புக் கம்பிகள், வாசலில் எஃகுக் கதவு. வைஃபை அலையை அடைத்துவைக்க இதைவிடப் பொருத்தமான அறையை வீட்டுக்குள் கட்ட முடியாது. சமையலறையில் காணொளி அழைப்பு அறுந்துகொண்டே இருந்தது. அவள் மூன்று பெட்டி மெஷ் வாங்கினாள். அதன் முதற்பெட்டியும் அதே ஷெல்டருக்குள் இருந்ததால் நிலைமை சற்றே தேறியது, அவ்வளவுதான். ஃபைபர் முனையத்தை மட்டும் இருந்த இடத்தில் விட்டு, ரவுட்டரை வரவேற்பறைத் தரவுச் சாக்கெட்டுக்கு நகர்த்தினோம். அந்த ஒரே பெட்டி வீட்டின் பெரும்பகுதிக்குப் போதுமானதாக ஆனது. உங்கள் வீட்டில் கேபிள்கள் ஒன்றுகூடும் இடம் எதுவானாலும், அங்கே ஃபைபர் முனையமும், ஓர் இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பகிரும் நெட்வொர்க் சுவிட்ச்சும் இருக்கட்டும். வைஃபை மட்டும் மனிதர்கள் இருக்கும் இடத்துக்கு வரட்டும். ரவுட்டர் வேறிடத்தில் இருக்கும்போது முனையத்திலிருந்து அதற்கு ஒரு கேபிள், ரவுட்டரிலிருந்து சுவிட்ச்சுக்குத் திரும்ப ஒரு கேபிள் வேண்டும். வரவேற்பறைக்கு இரண்டு கேபிள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஃபைபர் கம்பியைப் பற்றி ஒரு சொல். வீட்டுக்குள் வரும் மெல்லிய ஃபைபர் இறுக்கமாக வளைந்தால் ஒளி கசியும். அலமாரிக் கதவு நசுக்கும் இடத்தில் அது போகக் கூடாது. அடிக்கடி இடி இடிக்கும் நம் ஊரில் இதில் ஒரு நன்மையும் உண்டு. பழைய தொலைபேசிக் கம்பியைப் போல ஃபைபர் மின்னலைக் கடத்தாது.

மெஷ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் காற்றிலேயே பேசிக்கொண்டால், கருவிகளுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தில் ஒரு பங்கு அந்தப் பேச்சுக்குப் போய்விடும். உங்களிடம் அறைக்கு அறை கேபிள் இருக்கிறது. அதில் இணைத்தால் அந்த இழப்பு இல்லை. நான்கறை வீட்டுக்கு வரவேற்பறையில் ஒரு நல்ல வைஃபை ரவுட்டரும், படுக்கையறைப் பக்க நடைவழியில் கேபிளில் இணைந்து வைஃபையை மட்டும் பரப்பும் ஒரு பெட்டியும் (ஆக்சஸ் பாயிண்ட்) போதும். இரண்டாவதை உடனே வாங்காதீர்கள். குடியேறி இரண்டு வாரம் வாழ்ந்து பார்த்து, தேவையென்றால் வாங்குங்கள். கேபிள் மட்டும் இப்போதே போய்விட வேண்டும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏஎக்ஸ்6000 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் 4,804, 2.4 கிகாஹெர்ட்ஸில் 1,148, இரண்டையும் கூட்டி மேலே முழுமையாக்கிய எண். எந்தக் கருவியும் இரண்டின் கூட்டுத்தொகையில் அதில் இணையாது. சாதாரணக் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இரண்டு ஆன்டெனாதான். வைஃபை 6இல் 80 மெகாஹெர்ட்ஸ் அகல அலைவரிசையில் அதற்குக் கிடைக்கும் இணைப்பு 1,201 மெகாபிட், கையில் வருவது அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் 1, 6, 11 என்ற மூன்றே. மேலே, கீழே, இருபுறமும் வீடுகள் சூழ்ந்த அடுக்குமாடியில் அந்த மூன்றையும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்கிறோம், ஆகவே அதை மின்விளக்கு, துப்புரவு இயந்திரம் போன்றவற்றுக்கு விட்டுவிடலாம். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023இல் 6 கிகாஹெர்ட்ஸில் 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை வைஃபைக்குத் திறந்துவிட்டது. இது நல்ல செய்தி. இந்த அலைகள் சுவரைத் தாண்டச் சிரமப்படுவதால் அண்டை வீட்டுத் தொல்லை குறைவு. ஆனால் அதே காரணத்தால் உங்கள் அடுத்த அறைக்கும் வலுவிழந்துதான் போகும். இன்னொன்று: வைஃபை 7 பெட்டிகளின் விளம்பரத்தில் 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்று பெரிதாகப் போடுவார்கள். நமக்குத் திறந்திருக்கும் 500 மெகாஹெர்ட்ஸில் அப்படி ஒன்றே ஒன்றுதான் அடங்கும். 160 அகலத்தில் மூன்று அடங்கும். நீங்களும் பக்கத்து வீட்டாரும் 320ஐப் போட்டால் இருவரும் ஒரே பாதையில் நிற்பீர்கள். 160இல் வைப்பதே என் பரிந்துரை. நடுத்தர விலை வைஃபை 7 ரவுட்டர் போதும். உச்சவிலைப் பெட்டி வேண்டாம்.

வாங்கும்போது பின்புறத் துறைகளை எண்ணிப் பாருங்கள். 2024இல் அரசாங்கம் நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை 10 கிகாபிட்டுக்கு மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அதன்பின் இத்தகைய திட்டங்கள் மலிந்துவிட்டன. ஆனால் ரவுட்டரில் உள்நுழையும் துறை 10 கிகாபிட்டாகவும் வெளியேறும் துறைகள் எல்லாம் 1 கிகாபிட்டாகவும் இருந்தால், கேபிளில் இணைந்த எந்த ஒரு கணினியும் 940 மெகாபிட்டைத் தாண்டாது. குறைந்தது ஒரு 10 கிகாபிட் உள்துறையும், ஒரு 10 அல்லது இரண்டு 2.5 கிகாபிட் வெளித்துறைகளும் தேவை. சேவை நிறுவனம் தரும் பெட்டியே ரவுட்டராகவும் வேலை செய்தால், உங்கள் சொந்த ரவுட்டரை அதன் பின்னால் வைக்கும்போது முதற்பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு, அதாவது தான் ரவுட்டராக வேலை செய்யாமல் தரவை அப்படியே கடத்தும் முறைக்கு, மாற்றச் சொல்லுங்கள். இரண்டு பெட்டிகளும் ரவுட்டராக இருந்து இணைய முகவரிகளை மாற்றினால் மகனின் விளையாட்டுத் தோழர்கள் அவனோடு இணைவதில் சிக்கல் வரும்.

சுவிட்ச்சுக்கு விசிறி இல்லாத, எட்டுத் துறை, 2.5 கிகாபிட் கொண்ட ஒன்று. அதில் ஃபைபரோ குறுகிய நேரடிக் கேபிளோ செருகும் 10 கிகாபிட் எஸ்எஃப்பி+ துறை ஒன்றிரண்டு இருந்தால் மேலும் நல்லது. கணவரின் சேமிப்புப் பெட்டியும் கணினியும் ஒரே அறையில் இருந்தால், இரண்டையும் குறுகிய நேரடிக் கேபிளால் 10 கிகாபிட்டில் இணைத்துவிடலாம். மொத்த வீட்டையும் 10 கிகாபிட்டுக்கு ஏற்ற வேண்டியதில்லை. செம்புக் கம்பியில் ஓடும் 10 கிகாபிட் துறைகள் சூடாகும் தன்மை கொண்டவை, மூடிய அலமாரிக்குள் நம் ஊர் வெப்பத்தில் அது தொல்லை. அலமாரிக் கதவில் காற்றுத் துளைகள் வையுங்கள். மின்செலவையும் மறக்க வேண்டாம்: எல்லாப் பெட்டிகளும் சேர்ந்து 30 வாட் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 263 யூனிட், யூனிட்டுக்கு 30 காசு என்றால் ஏறத்தாழ 79 வெள்ளி. கூரையில் வைக்கும் ஆக்சஸ் பாயிண்ட்டுக்குக் கேபிள் வழியாகவே மின்சாரம் தர, சுவிட்ச்சில் 30 வாட் தரும் பிஓஇ+ வசதி இருக்க வேண்டும், அல்லது தனி இன்ஜெக்டர் ஒன்று வாங்கினால் போதும்.

ரவுட்டரை வெளிநாட்டுத் தளத்திலிருந்து மலிவாக வரவழைக்கும் எண்ணம் இருந்தால் சற்று நிறுத்துங்கள். இங்கே விற்கப்படும் வைஃபை ரவுட்டர்கள் 2021 முதல் இணையப் பாதுகாப்பு முத்திரைத் திட்டத்தின் முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் பொதுவான இயல்புக் கடவுச்சொல் இருக்கக் கூடாது என்பது அதில் அடங்கும். சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடத்தில் வாங்கினாலும் அந்த முத்திரையைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் 1,500 வெள்ளியை நான் இப்படிப் பிரிப்பேன்: கேபிள் வேலைக்கு 650, ரவுட்டருக்கு 400, சுவிட்ச்சுக்கு 150, மீதி 300ஐ இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட்டுக்காகக் கையில் வைத்திருப்பேன். மாமியாரின் தொலைக்காட்சியைச் சுவரிலுள்ள சாக்கெட்டிலேயே இணைத்துவிடுங்கள். உயர்தர 4கே காட்சிக்கும் 25 மெகாபிட் போதும் என்பதால் தொலைக்காட்சியின் மெதுவான 100 மெகாபிட் துறையே அவருக்கு நிறைவாக இருக்கும். கடவுச்சொல் மாறினாலும், ரவுட்டர் மாறினாலும், அவர் யாரையும் கூப்பிடாமல் தன் நிகழ்ச்சியைப் பார்க்கலாம்.